பலெர்மோவில் பதினொரு முட்டைக்கோதுகள்

மகள் வீட்டுப் பல்கனியில் பதினொரு முட்டைக்கோதுகள் இருந்தன. நாலாம் மாடிவரை படியேறி, பெட்டியை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது என் கண்ணில் முதலில் பட்டது அவைதான். பெரிய மண்சாடி ஒன்று. அதில் இலையே இல்லாத, சாம்பல் நிறமான, விரலைவிடத் தடித்த கொப்புகள். ஒவ்வொரு கொப்பின் நுனியிலும் பாதி முட்டைக்கோது தொப்பிபோலக் கவிழ்ந்திருந்தது.

"கண்ணூறுக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் ரோசாவுக்குப் பக்கத்தில் தடி நட்டு முட்டைக்கோது கவிழ்ப்பது கண் படாமலிருக்கத்தான்.

மகள் ஜெசி சிரித்தாள். "இல்லையப்பா, குளிருக்கு. நுனி குளிரிலை கருகினால் பிறகு துளிர் வராது. வெயில் ஏற எடுத்துப்போடுவம்."

"மரத்துக்குத் தொப்பி. எனக்கு ஒண்டும் இல்லை."

அன்று மாலையே மருமகன் அருளின் கம்பளித் தொப்பி ஒன்று கிடைத்தது. அது காதோடு சேர்த்துக் கண்ணையும் மூடியது. மாசி மாதக் கடைசி, பெப்ரவரி முடியும் நேரம். எங்கள் ஊரில் மாமரம் பூத்து, வேம்பு துளிர்த்து, மத்தியானம் வெளியே கால் வைக்க முடியாத காலம். இங்கே கட்டிலில் எனக்கு மூன்று போர்வை போட்டிருந்தார்கள். நாலாவதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

நான் வந்தது பேத்தி மெலானியின் கலியாணத்துக்கு. உயிர்ப்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை. அவ்வளவு முந்தி ஏன் வந்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஜெசியின் கலியாணம் இதே இத்தாலிய ஊரில் நடந்தபோது சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடியிருந்தது. நானும் மனைவியும் வரவில்லை; படம்தான் வந்தது. இந்த முறை பிந்திவிடக்கூடாது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஜெசி அந்தச் சாடியின் கதையைச் சொன்னாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அவளுக்கு ஒரு வயதான அம்மாவைப் பார்க்கும் வேலை. சிஞ்ஞோரா ஆகத்தா என்று பெயர். பிள்ளைகள் இல்லை. ஜெசி அவரைப் பதினெட்டு வருடம் பார்த்தாள். சாகும்போதும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது இவள்தான்.

"இஞ்சை ஒரு வழக்கம் இருக்கப்பா. மகள் கலியாணம் கட்டிப் போகேக்கை தாய் தன்ரை பொமேலியாவிலை ஒரு கொப்பு வெட்டிக் குடுத்துவிடுவா. என்ரை கலியாணத்திலை அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. 'உன்ரை அம்மா கடலுக்கு அங்காலை. அதாலை நான் தாறன்' எண்டு சிஞ்ஞோராதான் தந்தவ. அப்ப இது ஒரு முழத் தடி."

"இப்ப மெலானிக்கோ?"

"ஓம். இதிலையிருந்துதான். பங்குனி கடைசியிலை ஒரு கொப்பு வெட்டி, பால் காயவிட்டு, சாடியிலை நட்டால் கலியாணத்தண்டைக்குக் குடுக்கலாம்."

நான் எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தேன். பொமேலியா என்று இவர்கள் சொல்வது நாங்கள் ஈழத்தலரி என்று எழுதும் மரம். எங்கள் சவக்காலையில் வரிசையாக நிற்பது. மனைவியின் கல்லறைக்குத் தலைமாட்டிலும் ஒன்று உண்டு. சவக்காலைப் பூவைக் கலியாணத்துக்குக் கொடுக்கிறார்களே என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். சாடி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தூள். மேல்வீட்டுப் பல்கனி மறைப்பதால் மழைத்தண்ணீரும் அதில் விழுவதில்லை.

"மண் காஞ்சு கிடக்குது பிள்ளை."

"அது நித்திரையப்பா. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. தன்ரை பாட்டிலை நிக்கட்டும்."

வயது போனவர்களுக்குப் பிள்ளைகள் சொல்வது இதுதான். குசினிக்குள் ஒன்றும் செய்யாதேங்கோ. கதவு மணி அடித்தால் ஒன்றும் செய்யாதேங்கோ. நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து நாலு வருடம் படம் வரைந்தவன். ஒரு சாடி காய்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வேறொருவர் தேவையில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனார்கள். ஜெசி இப்போது வேறொரு வீட்டில் வேலை. விடியமுன் போனால் பொழுதுபடத்தான் வருவாள். மெலானி பல்வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நான் ஒரு பேணி தண்ணீர் எடுத்துச் சாடிக்கு விட்டேன். மண் உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாகத்தோடு இருந்தவன் குடிப்பதுபோல இருந்தது. பின்னேரம் இன்னொரு பேணி.

ஏன் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். மரம் பட்டுவிடுமோ என்ற பயம் பாதி. மற்றப் பாதி வேறு. யாரோ ஒரு மனுசி என் மகளுக்குக் கொடுத்ததை, என் மகள் தன் மகளுக்குக் கொடுக்கப்போகிறாள். அந்தச் சாடியில் என் பங்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் நடந்தேன். வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் வாகனம் இல்லை; அந்த நிம்மதியில் அண்ணாந்து பல்கனிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். முட்டைக்கோது போட்ட சாடிகள் ஒரு நடைக்கு இருபத்தேழு இருந்தன. சில வீடுகளில் கோதுக்குப் பதில் தயிர்க் கோப்பை. ஒரு வீட்டில் குழந்தைப்பிள்ளையின் காலுறை. இந்த ஊரார் தங்கள் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்ப்பார்களோ தெரியாது.

சந்தையில் வசந்தம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. தாமரை மொட்டுப்போன்ற ஒரு முட்பூவைத் தணலில் சுட்டு விற்கிறார்கள். இதழிதழாக உரித்து அடியைப் பல்லால் சுரண்டித் தின்னவேண்டும். தின்ற பங்கு கொஞ்சம். எறிந்த பங்கு மலை. கடலைமாவைக் களிபோலக் கிண்டித் தட்டையாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு செத்தல் மிளகாயும் இரண்டு கறிவேப்பிலையும் போட்டிருந்தால் எங்கள் கடைப்பலகாரம். அதைச் சொல்ல எனக்கு மொழியில்லை. கடைக்காரர் நான் முகம் சுளித்தேன் என்று நினைத்து மேலே எலுமிச்சை பிழிந்துவிட்டார்.

இரண்டாம் வாரம் எதிர்ப் பல்கனியிலிருந்து ஒரு மனுசி கத்தத் தொடங்கினா. ஒடுங்கிய சந்து, அவவின் கம்பியைக் கையை நீட்டினால் பிடித்துவிடலாம்போல இருக்கும். கொஞ்செத்தா என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவ சாடியைக் காட்டினா, தண்ணீரைக் காட்டினா, கையைக் கீழே வீசினா, தலையிலே அடித்துக்கொண்டா. நான் எட்டிக் கீழே பார்த்தேன். கீழ்வீட்டுக்காரரின் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் கொடியில். எங்கள் சாடியின் ஓட்டையால் சேற்றுத் தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனுசியைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். உள்ளே போய் ஒரு ஆழத் தட்டைத் தேடி எடுத்துவந்து சாடிக்குக் கீழே வைத்தேன். இனி ஒரு துளியும் சொட்டாது. அவ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனா. ஒரு தட்டுக்கு இவ்வளவு உணர்ச்சியா என்று நினைத்தேன்.

அதன்பிறகு தட்டில் எந்நேரமும் தண்ணீர் நின்றது. நல்லதென்றே பட்டது. பின்னேரம் பொழுதுபட்ட பிறகு வருகிறவர்கள் பல்கனிக்குப் போவதில்லை; குளிருக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டை நானே எடுத்து உள்ளே வைத்தேன். மகளை ஏமாற்றவல்ல. துளிர் வந்தபிறகு சொல்லி அவளை அசத்தலாம் என்றுதான்.

பங்குனி நடுவில் அருள் என்னை மொண்டெல்லோவுக்குக் கூட்டிப்போனார். அங்கே கடற்கரையோரம் ஒரு உணவகத்தில் அவருக்குச் சமையலறை வேலை. குளிர்காலத்தில் பாதி மூடிக் கிடந்ததை வசந்தத்துக்குத் துப்புரவாக்கும் நாள். பஸ் தரிப்பில் நின்றோம். பஸ் வரவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னதை அருள் மொழிபெயர்த்தார்: "வேலைநிறுத்தமாம். எப்ப தொடங்கினது எண்டு மனுசி கேக்குது. நான் பிறக்கமுந்தி எண்டு மனுசன் சொல்லுது."

கடைசியில் அருளுக்குத் தெரிந்த ஒருவர் மூன்று சில்லு வண்டியோடு வந்து நின்றார். எங்கள் ஊர் ஓட்டோவின் அண்ணன் முறையான வண்டி, பின்னால் பெட்டி. பெட்டி நிறையத் தக்காளி, கத்தரி, துளசிபோல ஒரு வாசக்கீரை, எல்லாம் விரலளவு நாற்று. முன்னால் சாரதியோடு என்னை இடித்து உட்காரவைத்தார்கள். அருள் பின்னால் நாற்றுகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். வழியில் ஒரு குழி. இறங்கும்போது அருளின் மடியில் மூன்று தக்காளியும் சட்டைப்பைக்குள் ஒரு கத்தரியும் இருந்தன.

"இவரையும் சேர்த்து நடலாம்," என்று சாரதி சொன்னாராம்.

உணவகத்துக்குப் பின்னால் ஆறு எலுமிச்சை. அருள் அடிமண்ணைக் கொத்திவிட்டார். பட்ட கொப்புகளைக் கழித்தார். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசினார். நான் புல்லுப் பிடுங்கினேன். வெயில் முதுகில் இதமாக இருந்தது. வந்த நாளிலிருந்து அன்றுதான் தொப்பியைக் கழற்றினேன். சுவரோரம் இலையில்லாத சில சாடிகள் நின்றன. குழாயை எடுத்து அவற்றுக்குப் பிடிக்கப்போனேன்.

"மாமா, அதுகளுக்கு வேண்டாம். உதுகள் இன்னும் எழும்பேல்லை. இப்ப விட்டால் அடி அழுகும்."

"எல்லாச் சாடியுமோ?"

"இலை போடாதது எல்லாம்."

குழாயைப் பூட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவருக்கு என்ன தெரியும், பல்கனிச் சாடி வேறு, தோட்டச் சாடி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன். பிறகு பேணியைத் தொடவில்லை.

இரண்டு நாள் ஆபிரிக்காவிலிருந்து சூடான காற்று வீசியது. வாகனங்களின்மேல் செம்மண் தூள் படிந்தது. ஊரில் தென்மேற்கிலிருந்து வீசும் எங்கள் சோளகக் காற்று நினைவுக்கு வந்தது. அந்தக் காற்றோடு ஊர் மாறிவிட்டது. சந்தின் இரண்டு பக்கமும் பெண்கள் பல்கனிக்கு வந்து கோதுகளைக் கழற்றினார்கள். கழற்றிய நுனிகளில் பச்சையாக, கிளியின் சொண்டுபோல, கூர்மையாக ஒன்று எட்டிப் பார்த்தது. கொஞ்செத்தாவின் சாடியில் ஏழு சொண்டு. நான் எங்கள் சாடியில் ஒரு கோதைத் தூக்கிப் பார்த்தேன். நுனி கறுத்துச் சுருங்கியிருந்தது. திரும்ப மூடிவிட்டேன்.

பங்குனி பத்தொன்பது, சூசையப்பர் திருநாளன்று ஜெசி பொழுதுபடமுன்னமே வந்தாள். கையில் தயிர்க்கட்டி பூசிய பொரித்த பலகாரப் பெட்டி. மெலானியும் கூட வந்தாள். "அம்மப்பா, இண்டைக்கு கோது கழட்டுற நாள், வாங்கோ!" என்று என்னை இழுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள்.

எதிரே கொஞ்செத்தா நின்றா. ஜெசியைக் கண்டதும் தொடங்கிய பேச்சு நிற்கவில்லை. ஜெசியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மெலானிதான் எனக்குத் தமிழில் சொன்னாள். "உன்ரை அப்பாவைப் பாத்து எத்தினை தரம் கத்தினனான், தண்ணி விடாதே எண்டு கை காட்டினனான், அந்த மனுசன் கும்பிட்டிட்டுக் கீழை தட்டை வைச்சிட்டுப் போனார் எண்டு சொல்லுறா, அம்மப்பா."

ஜெசி குனிந்து அடிமரத்தை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. ஒரு புளித்த மணம் வந்தது.

"ஒவ்வொரு நாளுமோ அப்பா?"

"காலமை ஒண்டு. பின்னேரம் ஒண்டு."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. உள்ளே போய் மேலங்கியைக் கழற்றிவைத்து, பாண் வெட்டும் கத்தியோடு வந்து நிலத்தில் இருந்தாள். கோதுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மெலானியிடம் கொடுத்தாள். பிறகு கொப்புகளை அடியிலிருந்து மேலாகச் சீவத் தொடங்கினாள். வெட்டுவாய் வெள்ளையாக இருந்து பால் வரவேண்டும். முதற் கொப்பின் உள்ளே மண்ணிறம். அடுத்ததும் அப்படியே. மரம் பாணைவிட மெத்தென்று வெட்டுப்பட்டது.

"நாலு," என்றேன் நான், என்னை அறியாமல். "அஞ்சு."

"அம்மப்பா, எண்ணாதேங்கோ," என்றாள் மெலானி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கடைசிக் கொப்பு சுவர்ப் பக்கம் சரிந்து நின்றது. கீழே சீவினாள், மண்ணிறம். இன்னும் மேலே, மண்ணிறம். நுனிக்குக் கிட்ட வரும்போது ஒரு வெள்ளை வட்டம், நடுவில் மட்டும் புள்ளியாகக் கறுப்பு. பால் கசிந்தது, பெருகவில்லை. மிஞ்சியது ஒரு சாண்கூட இல்லை. ஜெசி அதைப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, காய்வதற்கு அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

"பிள்ளை, நான்..."

"தெரியும் அப்பா. நல்லதுக்குத்தான் செய்தனீங்கள்." அவள் கத்தியைத் துடைத்தாள். "நானும் சிஞ்ஞோராவின்ரை சாடிக்கு அப்பிடித்தான், முதல் வருசம் தண்ணி விட்டனான். அவ கண்டு கையிலை அடிச்சவ. உங்களுக்கு அடிக்க ஆள் இருக்கேல்லை."

இதைவிட அவள் ஏசியிருக்கலாம்.

மறுநாள் சந்தில் ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. இந்த ஊரில் பாண், பத்திரிகை எல்லாம் அப்படித்தான் மாடிக்கு ஏறி இறங்கும். கொஞ்செத்தா மேலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே வேலையால் வந்துகொண்டிருந்த மெலானியைக் கூப்பிட்டா. கூடைக்குள் ஒரு முழ நீளக் கொப்பு, நல்ல தடிப்பம், வெட்டுவாயில் பால் உறைந்து, நுனியில் பச்சைச் சொண்டோடு. இதைக் கலியாணத்துக்குக் கொடுங்கள், யாருக்கும் தெரியவராது என்று சொன்னாவாம். அந்த மனுசிக்கு இரண்டு பையன்கள்தானாம். கொடுப்பதற்கு மகள் இல்லை.

இரண்டையும் ஒரே நாளில் நட்டார்கள். மண்ணைச் சலித்தது நான். மணலோடு கலந்ததும் நான். தண்ணீர் யாரும் விடவில்லை. அக்கம்பக்கமாக இரண்டு சாடி: ஒன்றில் தடி, மற்றதில் கட்டை விரல்போல ஒன்று. கலியாணத்துக்கு முதல் வாரம் பெரியதில் இரண்டு இலை விரிந்தது. சின்னதில் ஒன்றுமில்லை, ஆனால் அழுகவும் இல்லை. நான் தினமும் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன்.

"பெரிசைக் குடுப்பம்," என்று ஜெசிக்கு ஆலோசனை சொன்னேன். "சபையிலை பாக்கிறதுக்கும் வடிவாயிருக்கும்."

மெலானி இடைமறித்தாள். "எனக்குச் சின்னன்தான் வேணும். அது எங்கடை."

கலியாணம் நல்லபடி நடந்தது. கோயில் நிறையச் சனம். மன்னார், தீவுப்பகுதி, யாழ்ப்பாணம் என்று எங்கள் ஆட்கள் மட்டும் நூற்றெழுபது பேர். மண்டபத்தில் ஜெசி அந்தச் சின்னச் சாடியைச் சிவப்பு நாடா கட்டி மகளின் கையில் கொடுத்தாள். இலை இல்லாத நுனி வெறுமையாகத் தெரியக்கூடாதென்று ஒரு வெள்ளை முட்டைக்கோது கவிழ்த்திருந்தாள். இத்தாலியப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் இதென்ன புதுச் சடங்கு என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "கண்ணூறு கழிக்கினம்போல," என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

வைகாசியில் ஊர் திரும்பினேன். வந்த முதல் ஞாயிறு சவக்காலைக்குப் போனேன். மனைவியின் தலைமாட்டு மரம் பூத்துக் கொட்டிக் கிடந்தது. அதற்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. நானும் விட்டதில்லை. இதை அங்கே அந்தச் சாடிக்கு முன்னால் நின்றபோது யோசித்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிறோம். போன ஞாயிறு ஜெசி தன் பல்கனியைக் காட்டினாள். கொஞ்செத்தாவின் கொப்பு பழைய மண்சாடியில் குடைபோல இலை விரித்து நிற்கிறது. பிறகு மெலானி எடுத்தாள். பலெர்மோவிலேயே ஒரேத்தோ பக்கம் புது வீடு. ஆடி மாத வெயில் அங்கே எங்கள் ஊரைவிடக் கொடுமையாம். நெற்றியில் வியர்வை வழிய, ஒரு கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்ரை சாடி எப்பிடிப் பிள்ளை?"

"இருக்குது அம்மப்பா. நல்லா இருக்குது." தொலைபேசியைத் திருப்பினாள். பல்கனி மூலை, சின்னச் சாடி, சிவப்பு நாடா. நுனியில் வெள்ளை முட்டைக்கோது அப்படியே இருந்தது.

குளிர் போனதும் கோதைக் கழற்றவேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒருக்கால் அதைத் தூக்கிக் காட்டு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவள் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்; கண் மட்டும் இன்னும் சாடியிலேயே இருந்தது.

"நல்லது பிள்ளை," என்றேன். "தன்ரை பாட்டிலை நிக்கட்டும்."